‘நேற்று முளைத்த இனம்’ என்னும் பழி

மாசிடோனியர் என்றொரு இனமே கிடையாது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ தன் அரசியல் தேவைக்காக உருவாக்கிவிட்ட ஒன்று அது. அவர்கள் பேசுவது பல்கேரிய மொழியின் வட்டார வழக்கு. சூடிக்கொண்டிருக்கும் பெயரோ கிரேக்கருடையது. பால்கன் நாடுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த வாதம் தவறாமல் வந்துவிடும். பல்கேரியத் தலைநகர் சோபியாவில் இது ஏறத்தாழ அரசுக் கொள்கை. வடக்கு மாசிடோனியாவின் ஆட்சிமொழி பல்கேரிய மொழியின் ஒரு பிராந்திய எழுத்து வடிவம் மட்டுமே என்று 2020இல் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குக் குறிப்பாணை அனுப்பியது. அதே ஆண்டு நவம்பரில் வடக்கு மாசிடோனியா ஒன்றியத்தில் சேர்வதற்கான பேச்சுவார்த்தையைப் பல்கேரியா தடுத்து நிறுத்தியது. இரு தரப்பையும் சாராதவர்கள் என்று சொல்லிக்கொள்வோர்கூட ‘செயற்கையான தேசம்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

இந்த வாதத்தைச் சான்றோடு மறுக்க முடியும், மறுக்கவும் வேண்டும். வரலாற்றாசிரியர்களின் சண்டையாக மட்டும் இது இருந்திருந்தால் விட்டுவிடலாம். ஏறத்தாழ 18 லட்சம் பேர் வாழும் ஒரு நாட்டின் பாடநூலில் எது அச்சாகலாம் என்று அண்டை நாடு கை வைக்கும் அளவுக்கு இது வந்து நிற்கிறது.

முதலில், டிட்டோ உருவாக்கியதாகச் சொல்லும் அந்த 1944. ஆகஸ்ட் 2ஆம் தேதி, புனித புரோகோர் ப்சின்ஸ்கி மடாலயத்தில் மாசிடோனிய விடுதலைப் போராளிகளின் பேரவை கூடியது. யூகோஸ்லாவியக் கூட்டாட்சிக்குள் மாசிடோனியா ஒரு குடியரசு என்று அறிவித்தது. மாசிடோனிய மொழியை ஆட்சிமொழியாக்கியது. அடுத்த ஆண்டு மே மாதம் எழுத்து வரிசையும் ஜூன் மாதம் எழுத்து விதிகளும் ஏற்கப்பட்டன. இதில் எதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் ஓர் அரசு அமைந்த தேதியை எடுத்து, ஒரு மக்கள் தம்மைத் தனியென்று உணரத் தொடங்கிய தேதி இதுதான் என்று சாதிப்பது எந்த வகை நியாயம்?

எதிர்த்தரப்பின் சாட்சியிலிருந்தே தொடங்குகிறேன். பெட்கோ ஸ்லவேய்கோவ் பல்கேரியர் கொண்டாடும் கவிஞர், இதழாசிரியர். பல்கேரியருக்குத் தனித் திருச்சபை வேண்டும் என்று போராடியவர். கான்ஸ்டான்டினோபிளில் அவர் நடத்திய இதழின் பெயரே ‘மாசிடோனியா’. 1871 ஜனவரியில் அதில் ‘மாசிடோனியப் பிரச்சினை’ என்று ஒரு கட்டுரை எழுதினார். நாங்கள் பல்கேரியர் அல்லர், மாசிடோனியர் என்று சொல்லும் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். முதலில் விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தோம், விஷயம் அப்படியில்லை போலிருக்கிறது என்று அதில் கவலைப்படுகிறார். அந்தக் குரல் அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. பிடிக்காதவரே இருக்கிறது என்று எழுதிவைத்ததால்தான் அதைத் தள்ள முடிவதில்லை. டிட்டோ பிறந்ததோ 1892இல்.

அடுத்த நான்காம் ஆண்டு, 1875இல், பெல்கிரேடில் ஒரு மும்மொழி அகராதி வெளிவந்தது. எழுதியவர் கியோர்கி புலெவ்ஸ்கி. மேற்கு மாசிடோனியாவில் காலிச்னிக் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தவர், தொழிலால் கொத்தனார். மாசிடோனியம், அல்பேனியம், துருக்கியம் ஆகிய மூன்றும் அந்த நூலில் பத்தி பத்தியாக அடுத்தடுத்து நிற்கின்றன. கேள்வியும் பதிலுமாகப் பேச்சு நகர்கிறது. அதில் ஓரிடத்தில் இனம் என்றால் எது என்று விளக்குகிறார்: ஒரே வழியில் வந்து, ஒரே மொழி பேசி, கூடி வாழ்ந்து, ஒரே பாட்டும் வழக்கமும் திருவிழாவும் உடையவர்கள் ஓர் இனம். அந்தக் கணக்கில் மாசிடோனியரும் ஓர் இனம், அவர்களுடைய இடம் மாசிடோனியா என்று முடிக்கிறார். புலெவ்ஸ்கி கல்லூரி கண்டவர் அல்லர், நடை கரடுமுரடானது. பல்கேரியா மீது பகை கொண்டவர் என்றும் அவரை ஒதுக்க முடியாது. 1877-78 ரஷ்ய-துருக்கியப் போரில் பல்கேரியத் தொண்டர்களோடு நின்று ஷிப்கா கணவாயில் சண்டையிட்டவர் அவர். பல்கேரியாவின் விடுதலைக்கு உயிரைப் பணயம் வைத்த ஒருவர், தன் மக்களைப் பல்கேரியர் என்று எழுதவில்லை.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு வேறொரு கதையை எடுக்கும்: இதையெல்லாம் தூண்டிவிட்டது செர்பியா. ஸ்டோயான் நோவாகோவிச் என்ற செர்பிய அரசியலாளர் 1888இல் தன் அரசுக்கு எழுதிய கடிதத்தை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். மாசிடோனியாவில் பல்கேரியச் செல்வாக்கு ஆழ வேரூன்றியிருக்கிறது, நேரே செர்பியக் கருத்தைக் கொண்டுபோனால் எடுபடாது, ‘மாசிடோனியம்’ பேசுகிறவர்களைத் துணை சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. யோசனை சூழ்ச்சியானதுதான். ஆனால் துணை சேர்த்துக்கொள்ள வேண்டுமானால் அங்கே ஏற்கெனவே யாராவது இருக்க வேண்டும். ஸ்லவேய்கோவ் கவலைப்பட்டது அதற்கு 17 ஆண்டுகள் முன்னால்.

இந்த வரிசையில் கிர்ஸ்தே மிசிர்கோவ்தான் முக்கியமானவர். 1903இல் துருக்கி ஆட்சியை எதிர்த்து மாசிடோனியாவில் மூண்ட இலிந்தன் எழுச்சி, துருக்கிப் படையால் நசுக்கப்பட்டது. அந்தத் தோல்வியின் சூடு ஆறுவதற்குள், அதே ஆண்டின் கடைசியில், ‘மாசிடோனிய விவகாரங்கள் பற்றி’ என்ற சிறு நூலை அவர் வெளியிட்டார்; அதுவும் சோபியாவில். மத்திய மாசிடோனிய வழக்கை அடிப்படையாகக் கொண்டு பொது எழுத்துமொழி அமைய வேண்டும் என்று அதில் வாதிட்டார். சொன்னதோடு நிற்காமல் நூலையே அந்த மொழியில் எழுதிக் காட்டினார். பிரதிகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன; சிலவே தப்பின. 1945இல் குழு அமைத்து ஏற்ற மொழியும் ஏறக்குறைய அவர் 42 ஆண்டுகளுக்கு முன் காட்டிய பாதையில்தான் போயிற்று.

அந்த நூலில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. மாசிடோனிய இனம் என்று இதுவரை ஒன்று இருந்ததில்லையே என்ற கேள்வியை மிசிர்கோவ் தானே எழுப்பிக்கொள்கிறார். நழுவவில்லை. இல்லாமல் இருந்த ஒன்று, அதற்கான வரலாற்றுச் சூழல் கூடும்போது உருவாகலாம் என்று நேருக்கு நேர் பதில் சொல்கிறார். இன்று பல்கலைக்கழகங்களில் தேசியத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள் வந்து சேர்ந்த இடத்துக்கு, இருபத்தொன்பது வயதில், ஒரு தோற்ற எழுச்சியின் சாம்பல் நடுவே அவர் வந்து சேர்ந்திருந்தார்.

பிற்காலத்தில் அவர் தன்னைப் பல்கேரியர் என்றும் எழுதியிருக்கிறார். 1920களில் மீண்டும் மாசிடோனியத் தனித்தன்மை பேசினார். இந்தத் தடுமாற்றத்தைச் சுட்டி அவரைச் செல்லாக்காசாக்கப் பார்க்கிறார்கள். அந்தக் காலத்தில் மாசிடோனியாவில் படித்த ஒருவனுக்கு எங்கே சம்பளம் கிடைத்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். துருக்கி சுல்தானின் ஆட்சி மக்களை மொழியால் எண்ணவில்லை. எந்தத் திருச்சபை என்பதால் எண்ணியது. 1870இல் சுல்தானின் ஆணையால் பல்கேரியத் திருச்சபை தனியாக அமைந்தது. மூன்றில் இரண்டு பங்கு கிறிஸ்தவர்கள் விரும்பினால் ஒரு மறைமாவட்டம் அதில் சேரலாம் என்று அந்த ஆணையே வழிவைத்தது. 1874இல், இன்று வடக்கு மாசிடோனியாவின் தலைநகரான ஸ்கோப்யேயும், ஒஹ்ரிதும் சேர்ந்தன. கிரேக்க மொழியில் பூசை கேட்டு அலுத்துப்போன ஸ்லாவிய விவசாயிகள் இந்தப் பக்கம் வந்ததில் வியப்பில்லை. அதற்குப் பின் அந்த விவசாயிகளின் பெயர் அரசு ஏட்டில் ‘பல்கேரியர்’. கிரேக்கம், செர்பியா, பல்கேரியா மூன்றும் போட்டிபோட்டுப் பள்ளி திறந்தன. ஆசிரியருக்குச் சம்பளமும் மாணவருக்கு உதவித்தொகையும் அந்தந்தத் தலைநகரிலிருந்து வந்தன. ஒரு மில்லியன் பிராங்க் இருந்தால் மாசிடோனியா முழுவதையும் பிரெஞ்சுக்காரராக்கிவிடலாம் என்று ஒரு பிரெஞ்சுத் தூதரக அதிகாரி சொன்னதாக ஆங்கிலப் பத்திரிகையாளர் பிரெயில்ஸ்ஃபோர்ட் 1906இல் எழுதினார். மாசிடோனியன் என்ற பெயரில் மட்டும் பள்ளியும் இல்லை, கோயிலும் இல்லை, சம்பளமும் இல்லை. அப்படிப்பட்ட ஏட்டின் பதிவுகளை எடுத்துக்கொண்டு மனச்சாட்சியின் வாக்குமூலம் என்று படிப்பது சரியாகாது.

அதற்காக, இருப்பதை மறைக்கவும் கூடாது. ஸ்ட்ரூகா ஊரின் மிலாதினோவ் சகோதரர்கள் 1861இல் ஸாக்ரெப் நகரில் வெளியிட்ட நாட்டுப்பாடல் தொகுப்பு ‘பல்கேரிய நாட்டுப்பாடல்கள்’ என்ற தலைப்போடுதான் வந்தது. 1903இல் கொல்லப்பட்ட கோட்சே தெல்செவ், இரு நாடும் உரிமை கொண்டாடும் புரட்சியாளர், பல்கேரியப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தார். தன்னைப் பல்கேரியர் என்று எழுதியும் இருக்கிறார். ஸ்கோப்யேயின் பாடநூல்கள் இதை நெடுங்காலம் மழுப்பின. மழுப்பியது தவறு. ஆனால் இதிலிருந்து, தெல்செவ்வைத் தம்மவராக எண்ணி வளர்ந்த இன்றைய மக்கள் பொய்யர்கள் என்ற முடிவுக்குத் தாவ முடியாது. கிரேக்க விடுதலைப் போரின் மாவீரன் மார்கோஸ் போத்சாரிஸ் அல்பேனிய மொழி பேசிய சூலியோத் சமூகத்தவர். கிரேக்க-அல்பேனிய அகராதி தொகுத்தவர். அதே போரில் கப்பல்களைச் செலுத்திய ஹைட்ரா தீவினரும் வீட்டில் பேசியது அல்பேனியம். அதைக் காட்டி கிரேக்க இனம் போலி என்று ஏதென்சில் யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. முன்னோர் தம்மை எப்படி அழைத்துக்கொண்டார்கள் என்பது கொள்ளுப்பேரர்கள் மீது எழுதிவைத்த கடன்பத்திரமாகாது.

மொழிக்கு வருவோம். மாசிடோனியாவின் பிதோலாவிலிருந்து சோபியாவை நோக்கிக் கிராமம் கிராமமாக நடந்தால் பேச்சு மெல்ல மெல்ல மாறுமே தவிர, ஓரிடத்திலும் திடீரென்று முறியாது. இது உண்மை. சோபியாவிலிருந்து செர்பிய எல்லையைத் தாண்டி நீஷ் பக்கம் நடந்தாலும் இதே கதைதான். அதனால் செர்பியம் பல்கேரியத்தின் வட்டார வழக்கு என்று யாரும் சொல்லவில்லை. இப்படி ஒன்றோடொன்று இழையும் பேச்சுகளிலிருந்து எதை எடுத்துப் பொது எழுத்துமொழியாக்குவது என்பதை எல்லா நாடுகளும் முடிவுசெய்துதான் ஆக வேண்டியிருந்தது. பல்கேரியா பெரிதும் கிழக்குப் பகுதி வழக்குகளை அடிப்படையாக்கியது. மாசிடோனியா வார்தார் நதியின் மேற்கே உள்ள மத்திய வழக்கை எடுத்தது. அதனால் மாசிடோனியத்தில் அழுத்தம் பெரும்பாலும் கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் விழுகிறது. ‘மனிதன்’ என்ற பெயர்ச்சொல்லின் ஈற்றில் ஒட்டும் விகுதி மூன்றாகப் பிரிகிறது: பேசுபவனுக்கு அருகில் இருப்பவன் ‘சோவெகொவ்’, தொலைவில் நிற்பவன் ‘சோவெகொன்’, பொதுவாகச் சுட்டினால் ‘சோவெகொத்’. பல்கேரியாவின் ரொதோபி மலைவாசிகளிடமும் இப்படியொரு முப்பிரிவு உண்டே என்பார்கள். உண்டு. சோபியாவின் எழுத்துமொழி அதை எடுத்துக்கொள்ளவில்லை, ஸ்கோப்யேயின் எழுத்துமொழி எடுத்துக்கொண்டது. இரண்டு வேறு தேர்வுகள், அதனால் இரண்டு எழுத்துமொழிகள்.

குழு போட்டு வகுத்த மொழி என்ற ஏளனமும் நிற்காது. பல்கேரியம் அரசு ஏற்ற எழுத்து விதிகளைப் பெற்றது 1899இல். கிரேக்கத்தில், நற்செய்தி நூலை மக்கள் பேசும் கிரேக்க மொழியில் பெயர்த்து ஒரு நாளேடு வெளியிட்டது என்பதற்காக 1901இல் ஏதென்ஸ் தெருக்களில் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. மக்கள் பேசிய அந்த மொழி ஆட்சிமொழியானது 1976இல்தான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான வழக்கைக் காண்பது அரிது. தவிரவும், குழு கூடுவதற்கு முன்பே அந்த மொழியில் இலக்கியம் இருந்தது. வேலெஸ் நகரில் தகப்பனோடு மண்பாண்டம் வனைந்த கோச்சோ ராத்சின், தன் ‘வெள்ளை விடியல்கள்’ கவிதைத் தொகுப்பை 1939இல் ஸாக்ரெப் அருகே சமோபோரில் அச்சிட்டார். பேரவை கூடிய 1944ஐ அவர் பார்க்கவில்லை. முந்தின ஆண்டே இறந்துபோனார்.

இந்த மக்களை உருவாக்கியதில் டிட்டோவைவிடப் பெரிய பங்கு, இவர்களை இல்லையென்று சொன்ன மூன்று அரசுகளுக்கு உண்டு. 1913இல் புக்கரெஸ்ட் ஒப்பந்தம் மாசிடோனியாவைக் கூறுபோட்டது: பாதிக்கு மேல் கிரேக்கத்துக்கு, பத்தில் நான்கு பங்களவு செர்பியாவுக்கு, பத்தில் ஒரு பங்கு பல்கேரியாவுக்கு. செர்பியா தன் பங்குக்குத் ‘தெற்கு செர்பியா’ என்று பெயரிட்டு, மக்களின் குடும்பப் பெயர்களின் வாலில் ‘இச்’ ஒட்டியது. 1941இல் பல்கேரியப் படை ஸ்கோப்யேக்குள் வந்தபோது பூத்தூவி வரவேற்றவர்கள் உண்டு. அதுவரை செர்பியரிடம் பட்டது அப்படி. மூன்றாண்டு ஆட்சியில் சோபியாவிலிருந்து வந்திறங்கிய அதிகாரிகளும் ஆசிரியர்களும் அந்த வரவேற்பைக் கரைத்துவிட்டார்கள். அந்த ஆட்சியில்தான், 1943 மார்ச்சில், ஸ்கோப்யேயின் புகையிலைக் கிடங்கில் அடைக்கப்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் திரெப்லிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். நாங்கள் விடுதலை கொடுக்க வந்தோம் என்று இன்னமும் சொல்கிறவர்கள் இந்தக் கிடங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கிரேக்கப் பகுதியின் கதை நெஞ்சை அறுப்பது. சிறுபான்மையினரைக் காக்க ஏற்றுக்கொண்ட சர்வதேசக் கடமைக்காக, 1925இல் ஏதென்சில் ‘அபெத்செதார்’ என்ற அரிச்சுவடி அச்சானது. லெரின்-பிதோலா வட்டாரப் பேச்சில், லத்தீன் எழுத்தில். ஸ்லாவியக் குழந்தைகளுக்கென்று கிரேக்க அரசே அச்சிட்ட பாடப் புத்தகம். பல்கேரியாவும் செர்பியாவும் எதிர்ப்புத் தெரிவித்தன. இருவருமே அந்தக் குழந்தைகள் தம்முடையவர்கள் என்றார்கள். புத்தகம் வகுப்பறைக்குப் போகவே இல்லை. அடுத்த ஆண்டு ஊர்ப்பெயர்களைக் கிரேக்கமாக்க ஆணை வந்தது. 1936இல் வந்த மெதாக்சாஸ் சர்வாதிகாரத்தில் அந்த மொழியைப் பேசுவதே குற்றமாயிற்று. 1959இல் கார்தியா முதலிய சில கிராமங்களில், இனி ஸ்லாவியப் பேச்சைப் பேச மாட்டோம் என்று ஊரையே கூட்டிச் சத்தியம் வாங்கினார்கள். இல்லாத மொழியைக் கைவிடச் சொல்லி எந்த அரசும் சத்தியம் வாங்காது. கிரேக்க உள்நாட்டுப் போரில் ஓடிப்போனவர்கள் திரும்பலாம் என்று 1982இல் கதவு திறந்தபோதும், ‘கிரேக்க இனத்தவர்’ என்ற நிபந்தனை வைத்து இவர்களை வெளியே நிறுத்தினார்கள். லெரினில் ‘மாசிடோனியப் பண்பாட்டு இல்லம்’ என்று ஒரு சங்கம் பதிவுசெய்ய மறுத்ததைத் தவறென்று 1998இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பல்கேரியாவின் சொந்தக் கணக்கெடுப்பே இன்னொரு சாட்சி. 1956இல் 1,87,789 பேர் மாசிடோனியர் என்று அங்கே பதிவானார்கள். 1965 கணக்கெடுப்பில் பத்தாயிரம் பேர்கூட இல்லை. ஒன்பது ஆண்டில் கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் கொள்கைதான் மாறியது. முதல் எண் கட்டாயத்தால் வந்தது என்பது சோபியாவின் பதில். இருக்கலாம். அப்படியானால் இரண்டாம் எண்ணுக்கும் அதே ஐயம் பொருந்தும். ஒன்றை வாக்குமூலமாகவும் மற்றதை மோசடியாகவும் எடுத்துக்கொள்ள முடியாது.

டிட்டோவுக்கு இதில் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. பல்கேரியச் சார்பாளர் என்று சந்தேகிக்கப்பட்டவர்களை அவருடைய ஆட்சி சிறையிலடைத்தது, கொன்றது. அந்தக் குற்றங்களை ஸ்கோப்யே இன்னும் முழுதாகப் பேசவில்லை. ஆனால் 1944 பேரவையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மெதோதியா அந்தோனோவ் சென்தோவின் கதி என்ன? மாசிடோனியாவுக்குக் கூடுதல் தன்னுரிமை வேண்டும் என்று நின்றதற்காக 1946இல் அவருக்குப் பதினோராண்டுக் கடுங்காவல். டிட்டோவின் கைப்பாவை என்றால் டிட்டோவின் சிறையில் அவருக்கு என்ன வேலை? கிரேக்கத்திலுள்ள தெசலோனிகியை நோக்கிப் போக வேண்டும் என்று 1945 ஜனவரியில் ஸ்கோப்யேயில் கலகம் செய்த படைவீரர்களையும் சேர்த்துப் பாருங்கள். பெல்கிரேட் ஒரு வடிகால் வெட்டிக்கொடுத்தது. நீர் முன்பே அங்கே தேங்கிக் கிடந்தது.

இந்தப் பழியைத் துடைக்க மாசிடோனியத் தலைவர்கள் சிலர் தேர்ந்த வழி அவர்களுக்கே கேடாக முடிந்தது. ‘ஸ்கோப்யே 2014’ என்ற பெயரில் நகர மையமெங்கும் தூண்களும் சிலைகளும் எழுந்தன. குதிரைமேல் வாளுயர்த்திய ஒரு மாபெரும் வீரன் நடுச்சதுக்கத்தில் நிற்கிறான், அது அலெக்சாந்தர் என்பது ஊரறிந்தது. அலெக்சாந்தர் இறந்தது பொ.ஆ.மு. 323இல், ஸ்லாவியர் பால்கனில் குடியேறியது பொது ஆண்டு 6, 7ஆம் நூற்றாண்டுகளில். பழையவன்தான் உண்மையானவன் என்ற எதிரியின் விதியை ஏற்றுக்கொண்டு, அந்த ஆட்டத்தில் கள்ளச்சீட்டு போடுவதுதான் அந்தச் சிலை. மிசிர்கோவ் பிறந்த போஸ்தோல் கிராமம், அலெக்சாந்தரின் தலைநகரமான பெல்லாவின் இடிபாடுகள்மேலேயே இருக்கிறது. பிறந்த மண்ணையே சான்றாகக் காட்டும் வாய்ப்பிருந்தும் அவர் வாதம் அதன்மேல் நிற்கவில்லை. 2018 ஜூன் 17 அன்று பிரெஸ்பா ஏரிக்கரையில் கிரேக்கத்தோடு கையெழுத்தான ஒப்பந்தம் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைத்தது. பண்டைய கிரேக்க நாகரிகத்தோடு தமக்குத் தொடர்பில்லை என்று ஸ்கோப்யே ஒப்புக்கொண்டது. மொழியின் பெயர் மாசிடோனியம், அது தென்ஸ்லாவியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை ஏதென்ஸ் ஒப்புக்கொண்டது. 1977இல் ஏதென்சிலேயே நடந்த ஐ.நா. மாநாடு அந்த மொழியை முன்பே ஏற்றிருந்ததையும் ஒப்பந்தம் குறிப்பிடுகிறது. நாட்டின் பெயரில் ‘வடக்கு’ சேர்ந்தது பெரிய விலை. கொடுத்தார்கள்.

அந்த விலையைக் கொடுத்து முடித்த பிறகுதான் சோபியா வழிமறித்தது. 2022 முதல் மேசையில் இருப்பவை இரண்டு வெவ்வேறு கோரிக்கைகள். நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தில் பல்கேரியரையும் ஒரு சமூகமாகப் பெயர் குறிப்பிட வேண்டும் என்பது ஒன்று. 2021 கணக்கெடுப்பில் அங்கே பல்கேரியர் 3,504 பேர். எண்ணிக்கை சிறிது என்பது மறுப்பதற்குக் காரணமாகாது. தம்மைப் பல்கேரியர் என்று சொல்கிறவர்களின் பேச்சை நம்ப மறுத்தால், மாசிடோனியர் தமக்குக் கேட்கும் நியாயமே ஆட்டம் கண்டுவிடும். அதை ஸ்கோப்யே நிறைவேற்றலாம். நிறைவேற்ற வேண்டும் என்பதே என் கருத்து. 2017 நட்புறவு ஒப்பந்தத்தின்கீழ் அமைந்த கூட்டு வரலாற்றுக் குழு எந்த வேகத்தில் எந்த முடிவுக்கு வருகிறது என்பதை ஒன்றிய உறுப்புரிமையோடு பிணைப்பது மற்றொன்று. தெல்செவ் யார் என்பதை ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து அறிஞர்கள் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் விவாதிக்கட்டும். அந்த விவாதத்தின் முடிவைப் பேச்சுவார்த்தையின் நுழைவுச்சீட்டாக்க எந்த நாட்டுக்கும் உரிமை இல்லை. ஒன்றியத்தின் மற்ற உறுப்பு நாடுகள் இதை ஏற்காமல் சோபியாவிடம் நேரடியாகவே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், இரண்டையும் ஒரே உறையிலிட்டு ஸ்கோப்யேயிடம் நீட்டினார்கள்.